எனக்கு இல்லை, உனக்கு இருக்கிறது

சிங்கப்பூர்
4 மார்ச் 2024

அன்புள்ள தம்பி சுகுமாறனுக்கு,

மூன்று வாரத்துக்கு முன் நான் போனில் பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்தில் நீ வைத்துவிட்டாய். அதன் பிறகு நான் அனுப்பிய எந்தச் செய்தியும் உனக்குப் போய்ச் சேரவில்லை. என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் போலிருக்கிறது. அதனால் தாளில் எழுதுகிறேன்.

போனில் நான் தப்பான இடத்தில் தொடங்கினேன். "குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்கணும், சீக்கிரம் போ" என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? இப்போது வரிசையாகச் சொல்கிறேன்.

அம்மா இறந்தபோது எனக்குப் பதினாறு வயது, உனக்குப் பன்னிரண்டு. அம்மாவுக்கு நாற்பத்தொன்று. பெருங்குடலில் புற்றுநோய். அம்மாவின் தம்பி மணியம் மாமா 2003இல் அதே நோயில் போனார். அவருக்கு நாற்பத்தேழு. இது உனக்கும் தெரியும். தெரியாதது இனிமேல்தான்.

நான் பதினேழு வருடமாகச் செய்யும் ஆராய்ச்சி இதுதான்: உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வைப் படியெடுக்கிறது. படியெடுக்கும்போது எழுத்துப் பிழைகள் விழும். அவற்றைத் தேடித் திருத்துவதற்கென்றே சில புரதங்கள் இருக்கின்றன. உங்கள் ஆலையில் ஒரு ஷிப்ட் எழுதிய அளவுகளை அடுத்த ஷிப்ட் சரிபார்க்கிறதல்லவா, அதுபோல. அதில் ஒரு புரதத்தின் பெயர் எம்.எஸ்.எச்.2. அதற்கான மரபணு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு உண்டு, அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. ஒன்று பழுதாகப் பிறந்தாலும் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். அந்த மற்றொன்றும் ஏதோ ஒரு செல்லில் கெட்டுப்போனால், திருத்த ஆளில்லாமல் பிழைகள் சேரும். அங்கேதான் புற்றுநோய் தொடங்குகிறது.

2015 தீபாவளிக்கு உன் வீட்டில் வைத்து உன் கையில் ரத்தம் எடுத்தேன். என் ரத்தத்தையும் கொடுத்தேன். அடுத்த வருடம் முடிவு வந்தது. எம்.எஸ்.எச்.2இல் ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த மாற்றம் எனக்கு இல்லை, உனக்கு இருக்கிறது.

அது கெடுதலா இல்லையா என்று அப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது. எத்தனையோ மாற்றங்கள் ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும். போன வருடம் என் ஆய்வுக்கூடத்தில் அதைச் செல்களுக்குள் வைத்துப் பார்த்தோம். திருத்தும் வேலை நடக்கவில்லை. மூன்று பேர் தனித்தனியாகச் செய்து பார்த்தார்கள். மூன்று தடவையும் நடக்கவில்லை. இனி சந்தேகமில்லை.

உனக்கு நாற்பத்தாறு வயதாகிறது. தயவுசெய்து பெருங்குடல் ஸ்கோப் செய்துகொள். உன் மகள் லோஷினிக்கு இது வந்திருக்கச் சரிபாதி வாய்ப்பு. அவளைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் நீ.

அக்கா,
பிரேமலா


பாசிர் கூடாங்
19 மார்ச் 2024

டாக்டர் பிரேமலா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டில் இரண்டு தடவை படித்தேன், ஆலை கேண்டீனில் இரண்டு தடவை படித்தேன். புரியாமல் படிக்கவில்லை. நன்றாகவே புரிகிறது.

2016இலேயே உங்களுக்குத் தெரியும். கோவிட்டில் சிங்கப்பூர்-மலேசியா பாலம் மூடிக் கிடந்த இரண்டு வருடத்தைக் கழித்தால் அதற்குப் பிறகு ஆறு தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். என் பெண்டாட்டி பிரவீனா சமைத்த ஆட்டுக்கறியைச் சாப்பிட்டீர்கள். என் ரத்தத்தில் இருப்பது தெரிந்தே "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றீர்கள்.

எங்கள் ஆலையில் ஒரு வால்வு கசிகிறதோ என்று சந்தேகம் வந்தாலே சிவப்பு அட்டை கட்டிவிட வேண்டும். கசிவதை நிரூபித்த பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று ஒருவன் சொன்னால் அன்றைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் வெறும் டெக்னீசியன். எனக்குத் தெரிந்த விதி அவ்வளவுதான். நீங்கள் எட்டு வருடம் நிரூபித்துக்கொண்டு இருந்தீர்கள்.

எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் பூப்பந்து ஆடுகிறேன். ஏப்ரலில் ஆலையை நிறுத்திப் பராமரிப்பு வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், யாருக்கும் லீவு கிடையாது. ஸ்கோப் எல்லாம் இப்போது முடியாது.

லோஷினிக்குக் கல்லூரியில் கடைசி வருடம். அவளிடம் எதையும் சொல்லக் கூடாது. பிரவீனாவிடமும். இனிமேல் எழுதுவதாக இருந்தால் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். என் கூட்டாளி மனோகரனின் மோட்டார் பட்டறை முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். அவன் பிரித்துப் பார்க்க மாட்டான்.

எனக்கு இல்லை, உனக்கு இருக்கிறது. இந்த வரியை எழுதும்போது உங்களுக்குக் கை நடுங்கியதா இல்லையா? அதை மட்டும் தெரிந்துகொள்ள ஆசை.

சுகுமாறன்


சிங்கப்பூர்
2 ஏப்ரல் 2024

சுகு,

என்னை 'நீங்கள்' என்று எழுதியிருந்தாய். பிறந்ததிலிருந்து நீ என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

கை நடுங்கவில்லை. அந்த வரியை முதலில் ஆங்கிலத்தில் எழுதி, அழித்து, கடைசியில் தமிழில் எழுதினேன். அதற்குள் பழகிவிட்டது.

சிவப்பு அட்டைக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. சரியில்லாத பதில் ஒன்று இருக்கிறது. நீ கையெழுத்துப் போட்ட தாளில், முடிவுகள் தனி ஆளுக்குத் தெரிவிக்கப்படாது என்று எழுதியிருந்தது. எங்களுடையது ஆராய்ச்சிக் கூடம். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கு இருக்கும் கட்டுப்பாடுகள் எங்களுக்கு இல்லை. தப்பான முடிவைச் சொல்லி, கர்ப்பப்பையிலும் இந்தப் புற்றுநோய் வரும் என்று பயந்து ஒரு பெண் நல்ல கர்ப்பப்பையை எடுத்துவிட்டால்? அதற்காகத்தான் அந்த விதி. அது நல்ல விதிதான், நானே அதற்கு ஆதரவாகப் பேசியிருக்கிறேன். இப்போதுகூட நெறிமுறைக் குழு ஜூனில் கூடி அனுமதி தந்த பிறகே யாருக்கும் சொல்ல வேண்டும். நான் காத்திருக்காமல் உனக்கு போன் செய்தேன்.

ஆனால் நான் உன்னிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியது வேறு. ஸ்கோப் செய்துகொள் என்று உன்னிடம் சொல்ல எனக்கு எந்த மரபணு முடிவும் தேவைப்பட்டிருக்காது. நாற்பத்தொரு வயதில் அம்மா, நாற்பத்தேழு வயதில் மாமா. அதை வைத்தே எந்த டாக்டரும் உன்னை அனுப்பியிருப்பார். 2017இல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு தடவை சொன்னேன். "அலமாக், சாப்புடுற நேரத்துல என்னாக்கா பேச்சு இது" என்று நீ சிரித்தாய். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். மறுபடி சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ என் முகத்தைப் பார்ப்பாய், பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்தேன். விதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று. முடிவுகள் பெயரில்லாமல் ரகசிய எண்களில்தான் வரும். வந்த அன்று முதலில் என் எண்ணைத்தான் பார்த்தேன். மாற்றம் இல்லை என்று தெரிந்ததும் எழுந்து போய் ஒரு தேநீர் வாங்கிக் குடித்தேன். அதற்குப் பிறகுதான் உன் எண்ணைப் பார்த்தேன். அந்தத் தேநீரைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

திட்டு, பரவாயில்லை. ஆலை ஷட்டவுன் முடிந்ததும் கிளினிக்குக்குப் போ. என் பெயரோ மரபணுப் பெயரோ சொல்ல வேண்டாம். அம்மா வயதையும் மாமா வயதையும் மட்டும் சொல். போதும்.

அக்கா


பாசிர் கூடாங்
21 ஜூலை 2024

அக்கா,

நான்கு மாதமாக எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

உன் இரண்டு கடிதங்களையும் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். மே மாதக் கடைசியில் ஒருநாள் நல்ல மழை. மழைக்கோட்டு எடுக்கப் போன பிரவீனா கையில் கடிதம் அகப்பட்டுவிட்டது. அவள் சத்தம் போடவில்லை. நான் ஷிப்ட் முடிந்து வந்து குளித்துச் சாப்பிடும் வரைக்கும் காத்திருந்தாள்.

"இது எப்போ வந்தது?" என்றாள்.

"மார்ச்சுல."

"இப்போ மே முடியப் போவுது."

"அவளுக்கு எட்டு வருசமாத் தெரியும், பிரவீனா. எட்டு வருசம்! வாயத் தொறக்கல."

"அவங்க எட்டு வருசம் உங்ககிட்ட சொல்லல. நீங்க மூணு மாசமா என்கிட்ட சொல்லல. லோஷினிகிட்டயும் சொல்லல. அவங்களத் திட்ட உங்களுக்கு என்னா யோக்கியத இருக்கு லா?"

தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். மறுநாள் காலையில் அவளே கிளினிக்குக்கு போன் செய்து தேதி வாங்கிவிட்டாள். நீ எழுதிக் கொடுத்த மாதிரியே அம்மா வயது, மாமா வயது இரண்டை மட்டும் சொன்னேன். அந்த மலாய்க்கார டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏன் இவ்வளவு நாள் வரவில்லை?" என்று கேட்டார். உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. பூப்பந்து ஆடுகிறேன் என்றேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஜூலை 9 ஸ்கோப். இரண்டு சின்னக் கட்டிகளை அங்கேயே எடுத்துவிட்டார்கள். வலது பக்கம் மூன்றாவது ஒன்று. அதை எடுக்க முடியவில்லை, துணுக்கு எடுத்து அனுப்பினார்கள். புற்றுநோய்தான். வலது பக்கக் குடலை வெட்டி எடுக்க வேண்டும். ஆகஸ்ட் 13 ஆபரேஷன்.

எனக்கு வலி இல்லை. ரத்தம் போகவில்லை. எடை குறையவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. ஒன்றுமே தெரியாமல் எனக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம். உன்னைப் பார்த்தால் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியவில்லை.

சுகு


சிங்கப்பூர்
29 ஜூலை 2024

சுகு,

வரமாட்டேன். நீ சொல்லும்வரை வரமாட்டேன்.

இரண்டு விஷயம் மட்டும். வெட்டி எடுத்த கட்டியில் பிழை திருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயம் போட்டுப் பார்க்கச் சொல். அந்தச் சோதனை சாதாரணமாக எல்லா இடத்திலும் செய்வதுதான். இரண்டாவது, ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ பற்றிப் பேச்சு வந்தால் அந்த முடிவைக் காட்டிக் கேள். நோய் பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போகாமல் இருந்தால், இந்த வகைக் கட்டிக்கு வழக்கமான கீமோவால் பெரிய பயன் இல்லை. அவர்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் கேள்.

பிரவீனாவுக்கு என் நன்றியைச் சொல். அவள் கேட்ட கேள்வி எனக்கும் சேர்த்துத்தான்.

அக்கா


பாசிர் கூடாங்
30 செப்டம்பர் 2024

அக்கா,

ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம் ஆகிறது. நோய் இரண்டாம் கட்டம். முடிச்சுகள் இருபத்திரண்டு எடுத்துப் பார்த்தார்கள், எதிலும் இல்லை. நீ சொன்ன சாயச் சோதனையை அவர்களே செய்திருந்தார்கள். கீமோ வேண்டாம் என்றார் டாக்டர். ஏன் என்று அவர் சொல்ல ஆரம்பித்தார், நான் முடித்தேன். "உங்க வீட்ல டாக்டர் இருக்காங்களா?" என்றார். "டாக்டர்தான். மருந்து எழுதத் தெரியாது" என்றேன்.

இப்போது நான் கேட்க வேண்டியது. போன வாரம் உன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் மூன்று பக்கம். நெறிமுறைக் குழு என்று போட்டிருந்தது. என் ரகசிய எண்ணை உடைத்து, அனுமதி இல்லாமல் எனக்கு முடிவு தெரிவிக்கப்பட்டதற்கு வருத்தம் தெரிவிக்கிறார்கள். நான் புகார் கொடுக்க விரும்பினால் யாருக்கு எழுத வேண்டும் என்று இருக்கிறது. கடைசியில் ஒரு வரி: இந்த மீறலை டாக்டர் பிரேமலா ஏப்ரல் மாதத்தில் தாமாகவே குழுவுக்குத் தெரிவித்தார்.

ஏப்ரல் என்றால் எனக்குக் கட்டி இருப்பது யாருக்கும் தெரியாத நேரம். நான் உன்னோடு பேசாமல் இருந்த நேரம். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. நான் சொல்லியிருப்பேனா? உன்னை என்ன செய்தார்கள்?

மறைக்காமல் எழுது.

சுகு


சிங்கப்பூர்
12 அக்டோபர் 2024

அன்புள்ள சுகு,

இருபத்திரண்டு முடிச்சிலும் இல்லை என்ற வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கீழே வைத்தேன். மிச்சத்தை மறுநாள்தான் படித்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். அந்த ஆய்வில் உன்னைப் போல அதே மாற்றம் உள்ளவர்கள் இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள். எனக்கு அவர்கள் வெறும் எண்கள். குழு ஜூனில் கூடும், பிறகு வழக்கறிஞர் பார்ப்பார், பிறகு கடிதம் தயாராகும். வருடக் கடைசி ஆகிவிடும். என் தம்பிக்கு மட்டும் பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டேன், ஏனென்றால் அவன் என் தம்பி. மற்ற பதினோரு பேருக்கும் அக்கா இல்லை.

உனக்கு ஏப்ரல் 2 கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு, மறுவாரம் குழுத் தலைவர் அறைக்குப் போனேன். "ஒருத்தருக்குச் சொல்லிட்டேன், விதிய மீறிட்டேன். என்னை என்ன செய்யணுமோ செய்ங்க. ஆனா மத்தவங்களுக்கும் இப்பவே சொல்லுங்க" என்றேன். அவர் கதவைச் சாத்தினார். ஒரு மணி நேரம் பேசினோம். இரண்டு வாரத்தில் அவசரக் கூட்டம் போட்டார்கள். ஜூன் முடிவதற்குள் பதினோரு பேருக்கும் ஆஸ்பத்திரி மூலமாக முறைப்படி சொல்லியாகிவிட்டது. அதில் எத்தனை பேருக்கு என்ன ஆனது என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். சொல்லவும் கூடாது.

என்னை அந்த ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். மனித மாதிரிகள் எதையும் இனிமேல் நான் தொட முடியாது. பொறுப்பை வசந்தன் பார்த்துக்கொள்கிறார். என்னிடம் ஒன்பது வருடம் வேலை செய்தவர், கெட்டிக்காரர். முதல் நாள் மாதிரிகள் இருக்கும் உறைபெட்டியின் சாவியை வாங்கிக்கொள்ள வந்தவர் கண்ணைப் பார்க்காமல் நின்றார். "டிரே மூணுல ஐஸ் அடைச்சிக்கும், பாத்துக்கங்க" என்று சொல்லிக் கொடுத்தேன். வேறு என்ன சொல்வது?

வேலை போகவில்லை. இப்போது ஈஸ்ட்டை வைத்து அதே பிழை திருத்தலைத்தான் பார்க்கிறேன். ரொட்டிக்குப் போடும் அதே ஈஸ்ட். அதற்கும் எம்.எஸ்.எச்.2 உண்டு. படிக்கும் காலத்தில் செய்த வேலை, ஐம்பது வயதில் மறுபடி. வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். பதினேழு வருடம்.

ஆனால் எனக்குக் கொடுத்த தண்டனை அநியாயம் என்று நான் நினைக்கவில்லை. உன்னையும் அப்படி நினைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

லோஷினியிடம் சொல்லிவிட்டாயா?

அக்கா


பாசிர் கூடாங்
16 பிப்ரவரி 2025

அக்கா,

ஜனவரியில் வேலைக்குத் திரும்பிவிட்டேன். இப்போதைக்குப் பகல் ஷிப்ட் மட்டும் கொடுத்திருக்கிறார்கள், கனம் தூக்கக் கூடாது. பூப்பந்து இன்னும் இல்லை. போய் உட்கார்ந்து பார்க்கிறேன்.

உன் நிலையத்துக்குப் பதில் எழுதினேன். லோஷினி ஆங்கிலத்தைச் சரி பார்த்தாள். புகார் இல்லை என்று எழுதினேன். அக்காவுக்கு எட்டு வருடம் முன்னாலேயே இதைச் சொல்ல ஒரு வழி இருந்திருக்க வேண்டும், அந்த வழியைப் போட வேண்டியது உங்கள் வேலை என்றும் எழுதினேன். அந்த வரி வேண்டாம் என்றாள் லோஷினி. இருக்கட்டும் என்றேன்.

அவளிடம் நவம்பரில் சொன்னோம். நான் பயந்த மாதிரி அழவில்லை. என்மேல்தான் கோபப்பட்டாள். "அப்பா, எனக்கு இருவத்திரெண்டு வயசு. என் ரத்தத்தப் பத்தி என்கிட்ட சொல்லாம நீங்களும் அத்தையும் லெட்டர் எழுதி வெளையாடிக்கிட்டு இருந்தீங்களா?" என்றாள். பிறகு அவளே ஆஸ்பத்திரி மரபணுப் பிரிவில் தேதி வாங்கினாள். அங்கே ஓர் ஆலோசகர் அம்மா அவளோடு ஒரு மணி நேரம் தனியாகப் பேசினார். நானும் பிரவீனாவும் வெளியே நாற்காலியில் இருந்தோம். ஜனவரி 21 முடிவு வந்தது.

அவளுக்கு இருக்கிறது.

அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் அவள் ஒரு தாளை எடுத்து, எந்த வயதில் எந்தச் சோதனை என்று எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டாள். இருபத்தைந்திலிருந்து ஸ்கோப் ஆரம்பித்தால் போதுமாம். அவள் காத்திருக்க மாட்டேன் என்கிறாள். டாக்டரும் சரி என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை கூலாய்க்குப் போனேன், மணியம் மாமா மகன் விஜயன் வீட்டுக்கு. 2015இல் அவன் உன்னிடம் ரத்தம் தரமாட்டேன் என்றது உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போதும் அதே பேச்சு. "நான் நல்லாத்தானே இருக்கேன் லா, எதுக்கு சும்மா கெளறிக்கிட்டு?" என்றான். சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். "நானும் நல்லாத்தான் இருந்தேன்டா" என்றேன். அவன் பெண்டாட்டி அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். அவ்வளவுதான், இரண்டே நாளில் அவனை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவனுக்குத் தேதி ஏப்ரலில்.

இன்னும் உன்மேல் கோபம் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். சில நாள் ஆலையில் சும்மா நிற்கும்போது வரும், பிறகு போய்விடும். போகாத நாளும் உண்டு.

மார்ச் 20, வியாழக்கிழமை, எனக்கும் லோஷினிக்கும் ஒரே நாளில் ஸ்கோப் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள் அந்தப் பேதி மருந்தை இரண்டு பேரும் குடிக்க வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே ஒரு கழிப்பறை. எப்படிச் சமாளிக்கப் போகிறோம் என்று அப்பாவும் மகளும் அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறோம். மயக்க மருந்து கொடுப்பதால் இரண்டு பேரும் அன்று வண்டி ஓட்டக் கூடாது. பிரவீனாவுக்கு லைசென்ஸ் இல்லை. கிராப் டாக்சி பிடித்துக்கொள்ளலாம் என்றாள். வேண்டாம் என்றேன்.

நீ வந்து ஓட்டு. காலையில் வந்தால் காஸ்வே பாலத்து நெரிசலில் மாட்டிக்கொள்வாய், அதனால் புதன்கிழமை மாலையே வந்துவிடு. லோஷினி அறையில் படுத்துக்கொள். என் கார் ஆட்டோ கியர்தான். பிரேக்கை மட்டும் கொஞ்சம் அழுத்தி மிதிக்க வேண்டும்.

தம்பி
சுகு